45 நிமிட அந்தி

சுவருக்குப் பதில் கண்ணாடி வைத்துக் கட்டிய வீட்டைப் பட்டப்பகலில் படமெடுப்பது பெரும்பாடு. உச்சி வெயிலில் வெளியே ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் கொட்டும். வீட்டுக்குள், கண்ணாடியை விட்டு விலகிய மூலையில் அது சில நூறு லக்ஸ்தான். நடுவே நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். கறுப்பு வெள்ளை அச்சுத்தாளால் காட்ட முடிந்த வித்தியாசமோ, அதன் மிகப் பளிச்சென்ற வெள்ளைக்கும் மிக ஆழ்ந்த கறுப்புக்கும் இடையே சுமார் 100 மடங்கு. தோட்டம் சரியாக விழுந்தால் அறைக்குள் ஒரே இருட்டு. அறை சரியாக விழுந்தால் தோட்டம் வெளுத்துக் காணாமல் போகும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

விட்டுக்கொடுக்கவும் முடியாது. 20ஆம் நூற்றாண்டின் நவீன கட்டடக்கலை செய்ய நினைத்ததே உள்ளையும் வெளியையும் ஒன்றாக்கும் வேலையைத்தான். கனத்த சுவர்கள் தாங்கிய பாரத்தை மெல்லிய எஃகுத் தூண்கள் வாங்கிக்கொண்டன. விடுபட்ட சுவர் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையும் வானமும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வீடே. படத்தில் ஒரு பாதி மட்டும் வந்தால் வீடு வந்ததாகாது.

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. சூரியன் மறையும் கணத்தில் திறந்தவெளியில் சில நூறு லக்ஸ் மிச்சமிருக்கும். அடுத்த அரைமணி நேரத்துக்குள் அது மூன்று, நான்கு லக்ஸுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கும் வழியில் எங்கோ ஒரு கட்டத்தில் வானத்தின் வெளிச்சமும் வீட்டு விளக்குகளின் வெளிச்சமும் சமமாகின்றன. கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் இன்றும் அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். 1947இல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்தில் ஜூலியஸ் ஷுல்மன் என்பவர் அந்தச் சில நிமிடங்களை 45 நிமிடமாக நீட்டி, முழுவதையும் ஒரே பிலிமில் அடுக்கிக் காட்டினார். அந்தப் படத்தைப் புரிந்துகொள்ள அவருடைய தொழிலையும், தொழிலைப் புரிந்துகொள்ள கொஞ்சம் இயற்பியலையும் வேதியியலையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஷுல்மன் 1910இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். சிறுவயது கனெக்டிகட்டில் ஒரு பண்ணையில் கழிந்தது. பிறகு குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. ஏழு ஆண்டுகள் பல்கலைக்கழக வகுப்புகளில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1936 தொடக்கத்தில் படிப்பை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பியபோது வயது 25, கையில் வேலை இல்லை, சட்டைப்பையில் அடங்கும் ஒரு மடக்குக் கோடாக் கேமரா மட்டும் இருந்தது. ரிச்சர்ட் நியூட்ரா என்ற கட்டடக் கலைஞரிடம் வரைவாளராக இருந்த இளைஞர் ஒருவர், ஹாலிவுட் குன்றுகளில் நியூட்ரா கட்டிய குன் வீட்டைக் காட்ட அவரை அழைத்துப் போனார். அதற்கு முன் அப்படிப்பட்ட வீட்டை ஷுல்மன் பார்த்ததே இல்லை. தனக்குத் தோன்றியபடி சில படங்கள் எடுத்துப் பிரிண்ட் போட்டு அந்த இளைஞரிடம் கொடுத்தார். அவை நியூட்ராவின் கைக்குப் போயின. வியன்னாவிலிருந்து வந்த நியூட்ரா எதிலும் கறாரானவர். அவர் படங்களைப் பார்த்துவிட்டு ஆளை வரச்சொன்னார், பிரிண்ட்டுகளை விலைக்கு வாங்கினார், இன்னும் சில வீடுகளை எடுத்துத் தரச் சொன்னார். எங்கும் முறையாகப் புகைப்படம் பயிலாத ஒருவரின் எழுபதாண்டுத் தொழில் இப்படித்தான் ஆரம்பமானது.

கைக்கேமராவில் அந்தத் தொழிலைத் தொடர முடியாது. உயரமான கட்டடத்தின் முன் நின்று கைபேசியை அண்ணாந்து பிடித்துப் படமெடுத்தால், கட்டடம் மேலே போகப் போகக் குறுகிப் பின்பக்கம் சாய்வதுபோல் விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். லென்ஸின் மீது குற்றமில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்த அந்தக் கணமே உள்ளே இருக்கும் பிலிமும் சாய்ந்துவிடுகிறது; சுவருக்கும் பிலிமுக்கும் இருந்த இணைநிலை கெட்டுப்போகிறது. சுவரில் இணையாக ஓடும் கோடுகள் சாய்ந்த பிலிமில் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். நேர்கோட்டையும் செங்கோணத்தையும் தவிர வேறு அலங்காரம் இல்லாத கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. கோபுரத்தின் கோடு கொஞ்சம் வளைந்தால் சிற்பங்கள் கண்ணை இழுத்துக்கொள்ளும். வெறும் கோடுகளால் ஆன வீட்டில் கோடு சாய்ந்தால் வீடே சாய்ந்துவிடும்.

இதற்கான கருவி வ்யூ கேமரா. முன்னால் லென்ஸ் பொருத்திய ஒரு சட்டம், பின்னால் பிலிம் வைக்கும் ஒரு சட்டம், இரண்டையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான துருத்தி, அவ்வளவுதான் அதன் உடம்பு. இரண்டு சட்டங்களும் தனித்தனியாக நகரும் என்பதில்தான் சூட்சுமம். இதன் லென்ஸ் உள்ளே விழவைக்கும் பிம்பம் ஒரு பெரிய வட்டம். 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் உள்ள பிலிம் அந்த வட்டத்தின் ஒரு துண்டை மட்டுமே பிடிக்கிறது. பிலிமைச் சுவருக்கு இணையாகச் செங்குத்தாக நிறுத்திவிட்டு லென்ஸ் சட்டத்தை மட்டும் மேலே உயர்த்தினால், வட்டத்தின் வேறொரு பகுதி பிலிமில் விழும். கேமரா அண்ணாந்து பார்க்கவில்லை, ஆனாலும் கூரை படத்துக்குள் வந்துவிடுகிறது. கோடுகள் நிமிர்ந்தே நிற்கின்றன.

இதை இயக்குபவர் தலையிலிருந்து கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பின்சட்டத்தில் உள்ள மங்கலான கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். வானம் கீழே, தரை மேலே, இடது வலதாக. பிம்பம் தலைகீழாக இருப்பது பயிற்சி உள்ளவருக்கு ஒரு வசதிகூட. வீடு, மரம், நாற்காலி என்ற பெயர்கள் கொஞ்சம் விலகி, கறுப்பும் வெள்ளையும் எங்கே எவ்வளவு இருக்கின்றன என்பது மட்டும் கண்ணுக்குப் படும். பிறகு அந்தக் கண்ணாடியை அகற்றி, அதே இடத்தில் ஒற்றைத் தாள் பிலிமைச் செருக வேண்டும். ஒரு தாளுக்கு ஒரு படம். சுட்டுத் தள்ளிவிட்டுப் பிறகு பொறுக்கிக்கொள்ளும் பேச்சே கிடையாது.

இனி பாம் ஸ்பிரிங்ஸ். பிட்ஸ்பர்க் நகரத்துப் பெரிய கடைக்காரர் எட்கர் காஃப்மன், பென்சில்வேனியாவில் அருவிமேல் நிற்கும் புகழ்பெற்ற வீட்டைப் பிராங்க் லாய்ட் ரைட்டிடம் கட்டச்சொன்னவர். பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்க அவர் நியூட்ராவிடம் இன்னொரு வீடு கேட்டார். அது 1946, 47இல் எழுந்தது. கல், கண்ணாடி, எஃகு, முன்னால் நீச்சல்குளம், பின்னால் மலை. ஷுல்மன் அங்கே படமெடுத்துக்கொண்டிருந்தபோது மாலை இறங்கியது. வீட்டுக்குள் இன்னும் எடுக்க வேண்டியவை இருந்தன, நியூட்ரா அவசரப்படுத்தினார். ஷுல்மனுக்கோ மலைக்குப் பின்னால் மாறிக்கொண்டிருந்த வானம் கண்ணை விட்டு அகலவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், குளத்துக்கு இந்தப் பக்கம் முக்காலியை நட்டார்.

பிறகு நடந்தது ஓட்டம். ஷட்டரைத் திறந்து வானத்தையும் மலையையும் கொஞ்சம் பதியவிடுவார், மூடுவார். வீட்டுக்குள் ஓடி ஒரு விளக்கைப் போடுவார், வந்து ஷட்டரைத் திறப்பார், திரும்ப ஓடி அதை அணைப்பார். அடுத்த விளக்கு. எல்லா விளக்கையும் 45 நிமிடமும் எரியவிட்டால் அந்த இடங்கள் பிலிமில் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் அதற்கு வேண்டிய வெளிச்சத்தை மட்டும் அளந்து ஊட்டினார். குளத்தில் ஒரு விளக்கு நேரே லென்ஸைப் பார்த்து எரிந்தது. அதை மறைக்க வீட்டுக்கார அம்மாள் லிலியன் காஃப்மனை குளத்தங்கரையில் ஒரு விரிப்பில் சாய்ந்து படுத்திருக்கச் சொன்னார். படத்தைப் பார்ப்பவருக்கு அவர் ஓய்வாக அந்தியை ரசிப்பவர். உண்மையில் விளக்கை மறைக்கும் திரை அவர்தான்.

ஒரே பிலிமில் இப்படித் தவணை தவணையாக எழுத முடிவது எதனால்? பிலிமைப் பொறுத்தவரை வெளிச்சம் கூட்டல் கணக்கு. இருட்டு எதையும் எழுதுவதில்லை, எழுதியதை அழிப்பதும் இல்லை. ஐந்து நிமிடம் வானம், பத்து விநாடி கூடத்து விளக்கு, இன்னொரு பத்து விநாடி படுக்கையறை விளக்கு என்று தனித்தனியாகக் கொடுத்தாலும் கடைசியில் அது ஒரே படம்தான்.

ஆனால் கூட்டல் சுத்தமாக நடப்பதில்லை. பிலிமின் மேல்பூச்சில் இருப்பவை வெள்ளி ஹாலைடு என்னும் மிகச் சிறிய படிகங்கள். ஒளித்துகள் ஒன்று படிகத்தில் பட்டால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். அது ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்து ஒரே ஒரு வெள்ளி அணுவாகும். தனியாக நிற்கும் அந்த அணுவுக்கு ஆயுள் குறைவு. சற்று நேரத்துக்குள் இன்னொரு ஒளித்துகள் வந்து துணைக்கு இன்னோர் அணுவைத் தராவிட்டால், அது கலைந்து பழைய நிலைக்கே போய்விடும். மூன்று நான்கு அணுக்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அந்தப் புள்ளி நிலைக்கும். இருட்டறையில் ரசாயனக் கரைசலில் நனையும்போது, அந்த நாலு அணுவைப் பிடித்துக்கொண்டு படிகம் முழுவதும் வெள்ளியாக மாறும். சில அணுக்களிலிருந்து கோடிக்கணக்கான அணுக்கள். நூறு கோடி மடங்கு வரை பெருகும் இந்தப் பெருக்கம்தான் பிலிம் புகைப்படத்தின் மூலதனம்.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போது ஒளித்துகள்கள் அடுத்தடுத்து வந்து விழும், எதுவும் வீணாகாது. அந்தி மங்கும்போதோ அவை அரிதாக வரும். ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதுபோல, அடுத்த சொட்டு வருவதற்குள் முன்னது ஒழுகிப் போயிருக்கும். வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரண்டு மடங்காக்கினால் போதும் என்ற சாதாரணக் கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது. இரண்டு மடங்குக்கும் மேலாகக் கொடுக்க வேண்டும். எந்தப் பிலிமுக்கு எவ்வளவு என்பது அனுபவசாலியின் கைக்கணக்கு. இந்தக் கோளாறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அளந்து சூத்திரமாக்கியவர் கார்ல் ஷ்வார்ஷில்டு என்ற ஜெர்மானிய வானியலாளர். மங்கலான விண்மீன்களின் ஒளியைப் புகைப்படத் தகடுகளில் அளக்கப் போய், தகடு மங்கல் ஒளியை மறந்துவிடுவதைக் கண்டுபிடித்தார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டு, கருந்துளை பற்றிய கணிதத்துக்கு வாசல் திறந்தவரும் அதே ஷ்வார்ஷில்டுதான். விண்மீனுக்காக எழுதிய ஒரு விதி, பாலைவனத்து நீச்சல்குளக் கரையில் ஒருவர் மனதுக்குள் போட்ட கணக்கிலும் இருந்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

இரண்டாவது பெரிய படம் 1960 மே மாதம் எடுத்தது. உலகில் மிக அதிகமாக அச்சேறிய கட்டடப் புகைப்படங்களில் அது ஒன்று. அதன் பின்னணியில் ஒரு பத்திரிகை இருக்கிறது. 1945இல் ஜான் என்டென்ஸா என்ற ஆசிரியர் தன் ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ இதழில் ஒரு திட்டத்தை அறிவித்தார். போர் முடிந்து லட்சக்கணக்கானோர் வீடு தேடப் போகிறார்கள். புதிய பொருள்களால், புதிய முறையில், நடுத்தரக் குடும்பத்துக்கு மாதிரி வீடுகள் கட்டிக் காட்டுவோம் என்றார். 1966 வரை ஓடிய அந்தத் திட்டத்தில் வீடுகளுக்கு எண்கள்தான் பெயர். 22ஆம் எண் வீடு பியர் கோனிக் வடிவமைத்தது. அதன் சொந்தக்காரர் பக் ஸ்டால் 1954இல் 13,500 டாலருக்கு ஹாலிவுட் குன்றின் விளிம்பில் ஒரு மனை வாங்கியிருந்தார். கட்ட லாயக்கில்லாத சரிவு என்று மற்றவர்கள் ஒதுங்கிய மனை. இடித்த கட்டடங்களின் கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து அவரே சரிவைத் தாங்கும் சுவர் எழுப்பினார். அதன்மேல் கோனிக் எஃகுச் சட்டங்களை நிறுத்தி, மூன்று பக்கமும் கண்ணாடி போட்டார். வரவேற்பறையின் ஒரு மூலை பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நீண்டு நிற்கிறது.

அன்று ஷுல்மன் வீட்டுக்குள்தான் வேலை செய்துகொண்டிருந்தார். கோனிக்கிடம் பயின்ற மாணவர்களோடு இரண்டு இளம்பெண்கள் வந்திருந்தார்கள். காற்று வாங்க வெளியே வந்த ஷுல்மன் திரும்பிப் பார்த்தார்: கண்ணாடிக்குள் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள், அவர்களுக்குக் கீழே அடிவானம் வரை விளக்குகளாக விரிந்து கிடக்கும் லாஸ் ஏஞ்சலஸ். கேமராவை வெளியே கொண்டுவரச் சொன்னார்.

இங்கே கணக்கு வேறு. அருகிலுள்ள கூரை விளிம்பும் பல மைல் தள்ளியிருக்கும் தெருவிளக்கும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டுமானால், லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் உள்ளே வரும் ஒளியும் சுருங்கும். அதுவும் இரவு வேறு. ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்தாக வேண்டும். அதற்குள் வீடு வெந்து வெள்ளையாகிவிடாமலிருக்க வீட்டு விளக்குகளை அணைத்தார்கள். பெண்கள் இருட்டில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, ஷட்டர் ஏழு நிமிடம் திறந்திருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் பிலிமில் எழுதியது நகரம் மட்டுமே. வீடு எழுதவே இல்லை. பிறகு அவர் குரல் கொடுத்ததும் பெண்கள் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உள்ளே பொருத்தி வைத்திருந்த பிளாஷ் பல்புகள் ஒரே கணத்தில் வெடித்து எரிந்தன. ஷட்டர் மூடியது.

பிளாஷ் பல்பைப் பார்த்தே இராத தலைமுறை வந்துவிட்டது. ஆகவே ஒரு வார்த்தை. கண்ணாடிக் குமிழுக்குள் ஆக்சிஜன் வாயு. அதற்குள் முடியைப்போல் மெல்லிய அலுமினியம் அல்லது ஸிர்கோனியம் இழைகள் சுருண்டு கிடக்கும். மின்சாரம் தொட்டதும் இழைகள் மொத்தமாகப் பற்றி, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவிலேயே எரிந்து முடிந்துவிடும். வெப்பத்தில் கண்ணாடி விரிசல் விட்டுச் சிதறாமலிருக்க வெளியே ஒரு பூச்சு. ஒரு பல்புக்கு ஒரு முறைதான். பிறகு உள்ளே சாம்பல் படிந்த குமிழைக் கழற்றி எறிய வேண்டும்.

எனவே, அந்தப் படத்தில் நகரத்துக்கு வயது ஏழு நிமிடம். பெண்களுக்கும் அறைக்கும் வயது கண்ணிமைப்பைவிடக் குறைவு. ஏழு நிமிடத்தில் தெருக்களில் ஓடிய கார்களின் முகப்பு விளக்குகள் கோடுகளாகி நகரத்தின் வீதிகளை வரைந்துவிட்டன. ஒரு நொடிக்குள் எரிந்த பல்பு பெண்களின் அசைவை உறையவைத்துவிட்டது. இரண்டும் ஒரே தாளில் கூடிய பிறகு, யாரோ கடந்துபோகையில் சட்டென்று எடுத்த படம்போல் இருக்கிறது. நல்ல கட்டடப் புகைப்படத்தின் சாமர்த்தியம் இதுவே என்பேன்: வெவ்வேறு நேரங்களில் விழுந்த ஒளியை ஒரே நேரமாக நம்பவைப்பது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். இது பொய்யில்லையா? ஷுல்மன் மீது இந்தக் குறை நெடுங்காலமாக உண்டு. அவர் நாற்காலிகளை இடம்மாற்றுவார். வீட்டில் இல்லாத மேசை, கண்ணாடிக் குவளை எல்லாம் கொண்டுவந்து வைப்பார். புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னால் வெறும் மண்மேடு கிடந்தால், பக்கத்திலிருந்து இலைக்கிளைகளை வெட்டிவந்து, லென்ஸுக்குச் சற்று முன்னால் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி உதவியாளரிடம் சொல்வார். படத்தில் மரத்தடியிலிருந்து வீட்டைப் பார்ப்பதுபோல் இருக்கும். பண்ணையில் வளர்ந்த ஆளுக்குச் செடியில்லாத வீடு முடியாத வீடாகப் பட்டிருக்கலாம். 1950இல் ராஃபேல் சொரியானோ அவருக்காகக் கட்டிய எஃகு வீட்டைச் சுற்றி அவர் வளர்த்தது ஏறக்குறைய ஒரு காடு.

வானத்திலும் கைவைத்தார். பகல் படங்கள் சிலவற்றுக்கு அகச்சிவப்புப் பிலிம் பயன்படுத்தினார். வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள மூலக்கூறுகள் குறுகிய அலைநீளம் கொண்ட நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பது. நீண்ட அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு சிதறாமல் நேரே கடந்துவிடும். எனவே அகச்சிவப்புப் பிலிமுக்கு வானத்திலிருந்து வருவது மிகக் குறைவு, வானம் கரியதாகிறது. இலைகளிலோ நேர்மாறு. பச்சையம் சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பைத் தொடாது. இலைக்குள் உள்ள திசுக்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே மரங்கள் பனி பூத்ததுபோல் வெளுக்கும். கரிய வானத்தின் முன் வெள்ளைச் சுவர் கத்தி விளிம்பாக நிற்கும். லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தையும் இது ஓரளவு ஊடுருவும்.

குறை சொல்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. அந்த வீடுகளில் அழுக்குத் துணி கிடக்காது, குழந்தைகள் சிதறிய பொம்மை கிடக்காது, பழுதான கூரையும் தெரியாது. பத்திரிகையில் பார்த்தவர்களுக்குக் கலிஃபோர்னிய வாழ்க்கை என்றால் மாலைக்காற்றும் நீச்சல்குளமும் மட்டுமே. நடுத்தரக் குடும்பத்துக்காகத் தொடங்கிய மாதிரி வீடுகள், கடைசியில் வசதி படைத்தோரின் கனவுப் பொருளானதில் இந்தப் படங்களுக்கும் பங்கிருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒளியைப் பற்றிய குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தி நேரத்தில் அந்தக் குளக்கரையில் நிற்கும் மனிதர் எதைப் பார்ப்பார்? கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் விழுங்குவதில்லை. மலையைப் பார்க்கும்போது பாவை விரிகிறது. விளக்கெரியும் அறைக்குத் திரும்பும்போது சுருங்குகிறது. விழித்திரையின் செல்களும் இடத்துக்கு இடம் தங்கள் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. இருட்டுக்கு முழுமையாகப் பழக அவற்றுக்கு 20, 30 நிமிடம்கூடப் பிடிக்கும். இப்படிப் பல பார்வைகளில், பல அளவுகளில் கிடைத்தவற்றை மூளை ஒட்டி ஒரே காட்சியாகத் தருகிறது. ஒரே எக்ஸ்போஷரில் எடுக்கும் ‘நேர்மையான’ படத்தில் மலை இருக்கும், அறை இருக்காது. அப்படி ஒரு காட்சியை எந்த மனிதரும் அங்கே நின்று கண்டதில்லை. ஷுல்மனின் 45 நிமிட அடுக்குதான் கண் கண்டதற்கு நெருக்கமானது.

அதே 1910இல் பிறந்த இன்னொருவரை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த லூசியன் எர்வே. 1949இல் மார்சேய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்க்கப் போய், ஒரே நாளில் 650 படங்கள் எடுத்து அவருக்கு அனுப்பினார். அன்று முதல் லெ கொர்பூசியே இறக்கும்வரை அவருடைய புகைப்படக்காரர் எர்வேதான். 1955இலும் 1961இலும் இந்தியாவுக்கு வந்து, லெ கொர்பூசியே வடிவமைத்த சண்டிகரை எடுத்ததும் எர்வேயே. ஷுல்மன் கேமராவுக்கு முன்னால் எல்லாவற்றையும் சேர்ப்பவர். எர்வேயோ எடுத்த பிறகு கத்தரிக்கோலால் பிரிண்ட்டை வெட்டி, வேண்டாதவற்றைக் கழித்துக்கொண்டே போவார். ஒரு நிழலும் ஒரு கான்கிரீட் விளிம்பும் மிஞ்சும்வரை. சண்டிகர் வெயிலின் கொடூரம் எர்வேயின் வெட்டில் தெரிகிறது. அங்கே வசிக்கலாம் என்ற ஆசையை அவர் கிளப்பமாட்டார். ஷுல்மன் அதை மட்டுமே கிளப்புவார். கட்டடம் என்ற ஒரே பொருளிலிருந்து இவ்வளவு விலகிய இரண்டு கண்கள்.

1980களில் கட்டடக்கலையின் காற்று மாறியது. பழைய பாணித் தூண்களும் வண்ண அலங்காரங்களும் திரும்பிவந்தன. ஷுல்மனுக்கு அது பிடிக்கவில்லை; அந்தப் பத்தாண்டின் இறுதியில் வேலையிலிருந்து ஒதுங்கினார். அவருடைய படங்களில் வாழ்ந்த வீடுகள் கைமாறின. காஃப்மன் வீட்டில் அறைகள் கூடின, சுவர்களில் அலங்காரத் தாள் ஏறியது, கூரைமேல் குளிர்சாதனப் பெட்டிகள் உட்கார்ந்தன. நியூட்ராவின் வீடு என்று அடையாளம் காண்பதே கடினம் என்ற நிலை.

1990களின் தொடக்கத்தில் ஒரு தம்பதியர் அதை வாங்கி, 1947இல் இருந்தபடியே மீட்க முடிவெடுத்தார்கள். மார்மல் ராட்சினர் என்ற கட்டடக்கலை நிறுவனம் பொறுப்பேற்றது. வரைபடங்கள் இருந்தன. ஆனால் கட்டும்போது தளத்திலேயே மாறிய விஷயங்களை வரைபடம் சொல்லாது. அவர்கள் ஷுல்மனிடம் போனார்கள். பத்திரிகையில் வராத, பெட்டிகளில் கிடந்த படங்கள் உதவின. எந்த மூலையில் எந்தப் பொருள் எதைத் தொட்டு நின்றது என்பதற்குச் சாட்சியாக இருந்தவை அவைதான். கல் சுவர்களைப் பழுதுபார்க்க, முதலில் கல் எடுத்த யூட்டா மாநிலக் குவாரியிலிருந்தே மறுபடி கல் கொண்டுவந்தார்கள்.

எல்லா வீட்டுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. காஃப்மன் வீட்டுக்கு அருகிலேயே, ராஞ்சோ மிராஜில் நியூட்ரா கட்டிய மாஸ்லன் வீட்டை 2002இல் புதிய உரிமையாளர் இடித்துத் தரைமட்டமாக்கினார்.

90 வயதை ஒட்டி ஷுல்மன் தொழிலுக்குத் திரும்பினார். யூர்கன் நோகாய் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் கூட்டாளியானார். நோகாய் கேமராவையும் விளக்குகளையும் சுமக்க, கோணத்தையும் ஒளியையும் இருவரும் சேர்ந்து முடிவுசெய்தார்கள். 2005இல் ஷுல்மனின் நெகட்டிவ்கள், பிரிண்ட்டுகள், ஸ்லைடுகள் என சுமார் 2,60,000 உருப்படிகள் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி ஆய்வு நிறுவனத்துக்குப் போயின. 2009 ஜூலை 15 அன்று 98 வயதில் அவர் இறந்தார்.

அந்தச் சேகரிப்பை அழகான படங்களின் குவியலாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பிலிமைச் சுவருக்கு இணையாக நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு கோடுகளை நிமிர்த்துவதற்காக மட்டும் பயன்படவில்லை. பிலிமும் சுவரும் எல்லா வகையிலும் இணையாக, நேருக்கு நேர் இருந்தால், அந்தச் சுவரிலுள்ள எல்லா நீள அகலங்களும் ஒரே விகிதத்தில்தான் சிறுக்கின்றன. எங்கும் இழுபடுவதில்லை, எங்கும் சுருங்குவதில்லை. சாய்வாகப் பார்த்த சுவராக இருந்தாலும், கோடுகள் கூடும் புள்ளியைக் கண்டுபிடித்துக் கணக்குப்போட்டு அளவுகளை மீட்க வழியுண்டு. நேருக்கு நேர் எடுத்த சுவருக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். ஒரு கதவின் உண்மையான அகலம் தெரிந்தால் போதும். அதே சுவரில் சன்னல் எவ்வளவு உயரம், தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கூரை விளிம்பு எவ்வளவு தடிமன் என்று நெகட்டிவை வெளிச்சத்தின் மேல் வைத்து, ஒரு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் கொண்டு அளந்துவிடலாம்.